விலகத் தெரிந்த எந்திரம்

பக்கவாதம் வந்து ஐந்து ஆண்டுகள் கடந்தும் ஒருவரின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தால், இனி அந்தக் கை இவ்வளவுதான் என்று கைவிட்டுவிடுவதே மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். ஷாங்காயில் ஃபூதான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுவாஷான் மருத்துவமனையின் கை அறுவை மருத்துவர் ஷு வென்தோங்கும் அவருடைய குழுவினரும் அதற்கு உடன்படவில்லை. மூளைப் பாதிப்பால் ஒரு கை ஐந்தாண்டுகளுக்கு மேலாகச் செயலிழந்து இறுகிப்போயிருந்த 36 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 18 பேருக்கு அறுவை சிகிச்சையும் அதன்பின் பயிற்சியும். மற்ற 18 பேருக்குப் பயிற்சி மட்டும். கத்தி மூளையைத் தொடவில்லை, கையையும் தொடவில்லை. கழுத்தில், நல்ல கைக்குப் போகும் சி7 என்ற நரம்பு வேரை அறுத்தெடுத்து, முதுகெலும்பின் முன்பக்கமாக மறுபுறம் கொண்டுபோய், செயலிழந்த கைக்குப் போகும் சி7 நரம்போடு தைத்தார்கள். ஓராண்டு கழித்து, கைத்திறனை 66 புள்ளிகளுக்கு மதிப்பிடும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 17.7 புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் 2.6. இந்த முடிவுகள் 2018 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அச்சாயின.

இதைப் படிப்பவரின் கண் தானாகவே அறுவை மேசைக்குப் போகும். நான் பேச விரும்புவது அதற்குப் பிந்தைய பன்னிரண்டு மாதங்களைப் பற்றி. தையல் போட்ட அன்று அந்த நரம்பின் வழியாக ஒரு விரலும் அசையாது. அசைவு பிறகுதான் வருகிறது. அறுபட்ட நரம்பு வளர்ந்து தசையை எட்ட வேண்டும். எட்டிய பிறகு, அதுவரை தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கையை ஆள்வதற்கு மூளை புதிதாகக் கற்க வேண்டும். இந்தக் கற்றலுக்குத் துணை செய்ய இன்று ரோபோ கையுறைகளும், விரல்களைப் பிடித்து விரித்து மடக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. அவற்றைக் கையை அசைத்துக்கொடுக்கும் எந்திரங்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. அசைத்துக்கொடுப்பதில் அவற்றின் பயன் மிகச் சிறிது. நோயாளியின் முயற்சி எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அதைக் கண்டுகொள்வது, கண்டதும் பதில் தருவது, பின்பு உதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்து விலகுவது ஆகிய மூன்றில்தான் அவற்றின் மதிப்பெல்லாம் இருக்கிறது. விலகத் தெரியாத ரோபோ இந்த நோயாளிக்குக் கெடுதலே செய்யும்.

ஏன் சி7? கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு ஐந்து வேர்கள் இறங்குகின்றன. சி5, சி6, சி7, சி8, டி1. இவை தோளருகே பின்னிப் பிணைந்து, பிறகு கைக்குரிய நரம்புகளாகப் பிரிகின்றன. மொத்த நரம்பிழைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சி7 வழியாகப் போகிறது. ஆனாலும் சி7-ஐ மட்டுமே நம்பியிருக்கும் தசை என்று கையில் பெரிதாக எதுவும் இல்லை. மேலும் கீழும் உள்ள வேர்கள் அதே தசைகளுக்கு இழைகளை அனுப்புகின்றன. அதனால் நல்ல கையிலிருந்து அதை எடுத்தால் சில மாதங்களுக்கு விரல்நுனியில் மரமரப்பு, முழங்கையை நீட்டுவதில் கொஞ்சம் தளர்ச்சி, சீக்கிரம் சோர்ந்துபோதல் என்று தொல்லைகள் இருந்து, பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. இந்தத் துணிச்சலான யோசனை 1986-லேயே அதே ஹுவாஷான் மருத்துவமனையில் கு யூதோங் என்ற மருத்துவர் செய்துகாட்டியதுதான். அவர் அதை விபத்தில் நரம்பு வேர்கள் பிய்ந்துபோனவர்களுக்குச் செய்தார். பக்கவாதக் கைக்குக் கொண்டுவந்தது பின்னால் வந்தவர்களின் வேலை. இங்கே இன்னொரு பொருத்தமும் உண்டு. முழங்கையை நீட்டுவதற்கும், மணிக்கட்டை உயர்த்துவதற்கும், விரல்களை விரிப்பதற்கும் உரிய தசைகளுக்கு சி7-இன் பங்கு அதிகம். பக்கவாதத்தில் இறுகிய கைக்கு மூடுவதில் சிரமமில்லை, திறக்கத்தான் முடியாது. கதவின் கைப்பிடியையோ டம்ளரையோ பிடிக்கும் முன்பு கை திறந்தாக வேண்டுமே.

இனி காத்திருப்பு. அறுபட்ட நரம்பின் கீழ்ப்பகுதி உடனே சிதையத் தொடங்கும். தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதை 1850-இல் விளக்கிக் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். சிதைந்த இழைகள் அகற்றப்பட்ட பின், அவற்றைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் மட்டும் வரிசையாக நின்று, மேலிருந்து வரும் புதிய துளிருக்குக் கொழுகொம்பாகின்றன. அந்தத் துளிர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. கழுத்திலிருந்து முழங்கைக்குக் கீழே விரல் விரிக்கும் தசைகள் வரை தோராயமாக அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே போய்ச் சேரவே ஓராண்டை ஒட்டியோ தாண்டியோ ஆகிவிடும். நரம்பின் பாதையில் விரலால் தட்டும்போது சுரீரென்று மின்னல் போல ஓடுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது, துளிர் எதுவரை வந்திருக்கிறது என்று அறியத்தான். 1915-இல் ஜூல் தினேலும் பவுல் ஹாஃப்மனும் தனித்தனியாக எழுதிய சோதனை அது. இன்றும் அதற்குச் செலவு ஒன்றுமில்லை. இந்த மாதங்களில் மூட்டுகள் சும்மா இருப்பதில்லை. அசைக்கப்படாத விரல் மூட்டைச் சுற்றியுள்ள உறைகளும் நாண்களும் சுருங்கிவிடும். நரம்பு வந்து சேரும் நாளில் தசை உயிர்த்தாலும், திருப்ப வேண்டிய மூட்டு பூட்டிக்கிடந்தால் என்ன பயன்? ஆகவே முதல் கட்டத்தில், தையல் ஆறிய பிறகு, தினமும் விரல்களை மெதுவாக விரித்து மடக்கும் வேலையை ரோபோ செய்யலாம். பயனுள்ள வேலைதான். வீட்டிலுள்ள ஒருவர் பழகிக்கொண்டு, காலையும் மாலையும் கால்மணி நேரம் செய்தாலும் அதே பயன் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்காக மட்டும் ரோபோ வாங்கச் சொல்லமாட்டேன்.

அதன் தேவை தொடங்குவது நரம்பு தசையைத் தொட்ட பிறகு. இப்போது நிலைமையைக் கவனியுங்கள். வலது கை செயலிழந்தவர் என்றால், அவருடைய இடது மூளையில் பாதிப்பு. இடது கையிலிருந்து எடுத்த நரம்பு இப்போது வலது கைக்குள் போயிருக்கிறது. அந்த நரம்புக்குக் கட்டளை தருவது வலது மூளை. அது பிறந்ததிலிருந்து இடது கையை ஆண்டுவந்த மூளை. எனவே வலது கை விரல் விரிய வேண்டுமானால், தொடக்கத்தில் அவர் இடது கையை அசைக்க நினைக்க வேண்டியிருக்கிறது. இடது தோளை இறுக்கினால், இடது முழங்கையை நீட்டினால், வலது கையில் ஒரு துடிப்பு தெரியும். எதிர்ப்பக்க சி7 மாற்றம் செய்துகொண்டவர்களிடம் இந்த இணை அசைவு நன்கு பதிவாகியுள்ளது. விபத்தில் நரம்பு பிய்ந்த பெரியவர்கள் சிலரிடம் அது ஆண்டுக்கணக்கில் நீங்காமலே இருந்துவிடுவதும் உண்டு. இதே போன்ற இன்னொரு அறுவையில் விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள நரம்புகளை எடுத்து முழங்கையை மடக்கும் தசையில் சேர்ப்பார்கள். அந்த நோயாளி ஆழ்ந்து மூச்சிழுத்தால் முழங்கை மடங்கும், இருமினாலும் மடங்கும். மாதங்கள் போகப்போக மூச்சுக்கும் முழங்கைக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது, பேசிக்கொண்டே கையை மடக்க முடிகிறது. 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகையவர்களின் மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தபோது, அந்தத் தசையை அசைக்கும் இடம் உடற்பகுதிக்குரிய பரப்பிலிருந்து கைக்குரிய பரப்பை நோக்கி நகர்ந்திருந்தது. ஷாங்காய் ஆய்விலும் காந்தத் தூண்டலும் மூளைப் படங்களும், செயலிழந்த கைக்கும் அதே பக்கத்து மூளைக்கும் இடையே இணைப்பு உருவாகியிருப்பதைக் காட்டின.

இங்கே நேர்மையாக ஒரு குறுக்குக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். இறுகிய கையின் சி7 வேரை வெட்டுவதாலேயே இறுக்கத்தைத் தூண்டிக்கொண்டிருந்த சுற்றுகளில் ஒரு பகுதி அறுந்துபோகிறது. முன்னேற்றம் அதனால் வந்திருக்கலாமே, புதிய நரம்பின் வேலையென்று எப்படிச் சொல்வது? கை அறுவை வல்லுநர்களே எழுப்பிய நியாயமான ஐயம் இது. ஆரம்ப மாதங்களின் தளர்வுக்கு வேர் வெட்டப்பட்டதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இறுக்கம் தளர்ந்த கை தானாக வேலை செய்துவிடாது. தளர்வு ஒரு வாய்ப்பு மட்டுமே. நல்ல பக்கத்து மூளையைத் தூண்டினால் செயலிழந்திருந்த கையின் தசை பதில் தருகிறது என்ற சான்றை வெறும் தளர்வால் விளக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. அப்படியானால் பயிற்சியின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இறுக்கம் குறைந்த அந்த மாதங்களில் மூட்டைக் காப்பாற்றி, நரம்பு வந்ததும் மூளைக்குப் புதிய வழியைப் பழக்க வேண்டும்.

பழக்குவதற்கு எவ்வளவு வேண்டும்? 2009-இல் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பக்கவாத மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கைக்கான செயல்முறைப் பயிற்சி நடந்த வேளைகளில், நோயாளி ஒரு வேளைக்குச் செய்த பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் மூளைப் புறணியின் வரைபடம் மாறுவதற்கு நாளுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள் தேவைப்பட்டன. இந்த இடைவெளிக்கு பிசியோதெரபிஸ்டுகளின் அக்கறைக் குறைவு காரணமில்லை. ஒருவருக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் தோள், நடை, சமநிலை எல்லாம் பார்க்க வேண்டும். நரம்பு மாற்றம் செய்துகொண்டவரின் சிக்கல் இன்னும் கூடுதல். அவருடைய முதல் முயற்சிகளில் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இருக்காது. நூறு முறை நினைத்தும் விரல் அசையாதவர் நூற்றியோராவது முறை நினைக்கமாட்டார். கற்றல் அங்கேயே நின்றுவிடும்.

ரோபோ தன் தகுதியைக் காட்டும் இடம் இதுதான். மேசையின் மேல் முன்கை கவிழ்ந்திருக்கிறது. அதன் மேல்புறத்தில், முழங்கைக்கு நாலு விரல்கடை கீழே, விரல் விரிக்கும் தசையின் மேல் இரண்டு எலக்ட்ரோடுகள் ஒட்டியிருக்கின்றன. திரையில் ஒரு கோடு ஏறக்குறைய நேராக ஓடுகிறது. ‘விரியுங்கள்’ என்ற குறிப்பு வந்ததும் நோயாளி முயல்கிறார். விரல்கள் அப்படியே இருக்கின்றன, தோலின்மேல் கூட அசைவில்லை. கோட்டில் மட்டும் சில மைக்ரோவோல்ட் அளவுக்குச் சிறு புடைப்பு. கருவி அதைத் தசை ஓய்ந்திருக்கும்போது எடுத்த அளவோடு ஒப்பிடுகிறது. குறித்த எல்லையைத் தாண்டியிருந்தால் ஒரு நொடிக்குள் மோட்டார் சுழன்று, விரல்களின் பின்புறத்தில் கட்டியிருக்கும் இணைப்புகளை இழுக்கிறது, கை திறக்கிறது. நினைத்தார், நடந்தது. கண் பார்க்கிறது, மூட்டிலிருந்தும் தோலிலிருந்தும் மிச்சமிருக்கும் உணர்வுகள் மேலே போகின்றன. இந்த உடனடித்தன்மையால்தான் மூளைக்கு எந்த முயற்சி பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்தறிய முடிகிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் பக்கவாத நோயாளிகளுக்காக உருவான ரோபோக் கை இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. அனுபவமுள்ள ஒரு பிசியோதெரபிஸ்டின் விரல்நுனிக்குத் தசையின் மெல்லிய துடிப்பு தெரியும். அதற்கும் கீழே, தோலை அசைக்காத மின்சமிக்ஞையை எந்த விரலும் உணர முடியாது. மீண்டும் நரம்பு பெற்ற தசை விரைவில் களைத்துவிடும் என்பதால், சமிக்ஞை தேயத் தொடங்கியதும் நிறுத்தி ஓய்வு தரவும் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முறை என்றால் ஒரே மூச்சில் என்று பொருளில்லை.

‘எந்திரம்தானே இழுக்கிறது, நோயாளி சும்மா இருந்துவிடமாட்டாரா?’ என்ற கேள்வி மிகவும் சரியானது. மனித உடலின் இயக்க அமைப்பு உழைப்பை மிச்சம்பிடிக்கும் இயல்புடையது. பிறர் உதவி செய்தால், பிழை அதிகமாகாதவரை, தன் பங்கைத் தானறியாமலே குறைத்துக்கொண்டுவிடும். கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரைன்கென்ஸ்மேயர் குழுவினர் ரோபோப் பயிற்சியில் இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். அக்கறையோடு முழு உதவியும் செய்யும் ரோபோ, அக்கறையினாலேயே கற்றலைக் கெடுக்கும் என்பது அதன் சாரம். அவர்களைப் போன்றவர்கள் கண்ட மாற்று, தேவைக்கேற்ற உதவி. நோயாளி பாதி தூரம் விரித்தால் மீதியை மட்டும் கருவி முடிக்கிறது. சரியாகச் செய்யச்செய்ய உதவியின் அளவு தானாகத் தேய்ந்துகொண்டே வரும்படி நிரல் எழுதப்படுகிறது. நோயாளி ஓய்ந்தால் கருவியும் ஓய்கிறது. ஆகவே விலகுதல் என்பது பயிற்சி முடிந்த பின் கருவியைக் கழற்றுவது மட்டுமில்லை. ஒவ்வோர் அசைவிலும், ஒரு துளி குறைவாக உதவ முடியுமா என்று அது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வசதி இல்லாமல், பொத்தானை அழுத்தினால் விரித்து மடக்கிக்கொண்டே இருக்கும் கையுறைகள் கடைகளில் ஏராளமாக விற்கின்றன. மூட்டு இறுகாமல் காக்க அவை உதவும். நரம்பு மாற்றத்துக்குப் பிந்தைய கற்றலுக்கு அவற்றை நம்புவது தவறு.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் பெரிய ஆய்வுகளிலிருந்து வருகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் எர்மானோ கிரெப்ஸும் 1980-களின் இறுதியிலிருந்து வளர்த்த ‘எம்ஐடி-மானுஸ்’ ரோபோதான் இந்தத் துறையின் முன்னோடி. அதை வைத்து 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 127 பக்கவாத நோயாளிகள் பங்கேற்றார்கள். அதே அளவு தீவிரமான பயிற்சியை மனிதர்கள் தந்தபோது ரோபோவுக்கு மேன்மை எதுவும் இல்லை. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்து 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘ராட்டுல்ஸ்’ ஆய்வு இன்னும் கறாரானது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், 12 வாரம் ரோபோவில் பயின்றவர்களில் 44 சதவீதத்தினர் குறித்த முன்னேற்றத்தை எட்டினார்கள். அதே அளவு நேரம் மனிதர்களிடம் தீவிரப் பயிற்சி பெற்றவர்களில் 50. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42. புள்ளியியல் நோக்கில் இவற்றுக்குள் வேறுபாடு இல்லை. ரோபோவில் பயின்றவர்களின் கை அசைவுகள் சற்றே மேம்பட்டன என்றாலும், சட்டை போடுவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு அந்த மேம்பாடு போய்ச் சேரவில்லை.

இவர்கள் பக்கவாத நோயாளிகள், நரம்பு அறுவை செய்துகொண்டவர்கள் இல்லை என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. நரம்பு அறுவைக்குப் பிந்தைய ரோபோப் பயிற்சியில் இந்த அளவுக்கு ஆட்களை வைத்த ஆய்வு நடந்ததில்லை. எனவே என் வாதம் உடலியல் தர்க்கத்தின் மேல் நிற்கிறது, இறுதித் தீர்ப்பின் மேல் நிற்கவில்லை. ஆனாலும் இந்த இரு ஆய்வுகளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது என்று அவை நிறுவிவிட்டன. ரோபோவிடம் கற்றது ரோபோவோடு நின்றுவிடும் ஆபத்தையும் காட்டிவிட்டன. பக்கவாதத்தில் ஏற்கனவே உள்ள, சிதைந்த ஒரு பாதையை வலுப்படுத்தப் பார்க்கிறோம்; அங்கே மனிதராலும் எந்திரத்தாலும் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றே. நரம்பு மாற்றத்தில் நேற்று வரை இல்லாத ஒரு பாதை குறிப்பிட்ட மாதத்தில் திறக்கிறது. அதன் முதல் சமிக்ஞைகள் கண்ணுக்கும் தொடுகைக்கும் எட்டாத அளவில் இருக்கின்றன. மனிதரால் செய்ய முடியாத ஒன்றை எந்திரம் செய்யும் காலம் இந்தச் சில மாதங்களே. பலன் காட்டுமென்றால் இங்கேதான் காட்டும். விரல்கள் தாமாக டம்ளரைச் சுற்றி விரிய ஆரம்பித்த பிறகும் ரோபோவில் உட்கார வைத்தால், ராட்டுல்ஸ் ஆய்வு கண்ட முடிவுதான் இங்கும் கிடைக்கும்.

எதிர்ப்பக்க சி7 நோயாளிக்கு மட்டும் உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. சில ரோபோக்களில் நல்ல கையில் சென்சார் வைத்த உறையும், மற்ற கையில் மோட்டார் வைத்த உறையும் மாட்டுகிறார்கள். நல்ல கை விரிந்தால் மற்றதும் விரியும். நல்ல கையை அசைக்க நினைத்தால்தான் புதிய நரம்பில் சமிக்ஞை ஓடும் என்ற தொடக்க நிலைக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. நினைப்பு, நரம்பு, மோட்டார் மூன்றும் ஒரே திசையில் இழுக்கும். ஆனால் அதிலேயே ஊறிவிட்டால் இணை அசைவு நிலைத்துவிடும் என்பது என் அச்சம். ஒரு கையில் பாட்டிலைப் பிடித்து மறுகையால் மூடியைத் திருகும் வேலைக்கு இரண்டு கைகளும் வேறுவேறாக இயங்க வேண்டும். ஒன்று விரியும்போது மற்றதும் விரிந்தால் பாட்டில் கீழே விழும். ஆகவே தசைச் சமிக்ஞை உறுதியானதும் நல்ல கையின் உறையைக் கழற்ற வேண்டும். அடுத்து, நல்ல கையின் தசையிலும் எலக்ட்ரோடு வைத்து, அது அடங்கியிருக்கும்போது எழும் முயற்சிக்கு மட்டுமே மோட்டார் பதில் தரும்படி அமைக்கலாம். இரண்டு தசைகளின் மின்சமிக்ஞைகளை ஒரே நொடியில் எடை போட்டு முடிவெடுப்பது எந்திரத்துக்கு எளிது, மனிதருக்குக் கடினம்.

இதுவரை அசைவை மட்டும் பேசினேன். கையின் மறுபாதி உணர்வு. நரம்பு அறுந்து தைக்கப்பட்ட கை, இழைகள் முழுமையாகத் திரும்பும்வரை மரத்திருக்கும். மரத்த கையில் எந்திரத்தைக் கட்டுவது எவ்வளவு கவனத்துக்குரியது என்பதை உலகுக்குக் கற்றுத்தந்ததில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கையில் அன்றாடம் படும் காயங்களால்தான் தேய்ந்துபோகின்றன என்று நிறுவினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் எலிகளின் பாதத்தில் எந்திரத்தால் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார். எந்த ஒரு அழுத்தமும் தனித்துப் பார்த்தால் காயம் செய்யக்கூடியதில்லை. திரும்பத்திரும்ப விழுந்ததில் சில நாட்களில் திசு வீங்கிப் புண்ணானது. ரோபோக் கையுறையின் பட்டை விரல் மூட்டின்மேல் நூற்றுக்கணக்கான முறை அழுந்துவதோடு இதை வைத்துப் பாருங்கள். வலி தெரிந்தவர் கையை இழுத்துக்கொள்வார். மரத்த கை சொல்லாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பட்டைகளை அவிழ்த்துத் தோல் சிவந்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று இன்னொருவர் பார்ப்பது கட்டாயம். ரோபோ ஆர்வலர்கள் எழுதுவதில் இதற்குக் கிடைக்கும் இடம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

உணர்வையும் பயிற்றலாம். ஸ்வீடனின் மால்மோ நகரில் யோரான் லுண்ட்போரியும் பிர்கிட்டா ரூசெனும் நெடுங்காலம் இதில் உழைத்தவர்கள். தைத்த நரம்பில் இழைகள் பழைய இடங்களுக்கே போய்ச் சேர்வதில்லை. ஆள்காட்டி விரலுக்குரிய இழை நடுவிரலுக்குள் புகுந்துவிடலாம். அதனால் மூளைக்குக் கை அனுப்பும் செய்தி குழம்பி வருகிறது. குழந்தைகளின் மூளை அதைச் சரிசெய்துகொள்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்தத் திறன் வெகுவாகக் குறைகிறது. நரம்பு வளர்ந்து வரும்வரை மூளையில் கைக்குரிய பரப்பைப் பக்கத்து உறுப்புகள் எடுத்துக்கொள்ளாமல் காக்க, அவர்கள் விரல்நுனியில் சிறு மைக்ரோஃபோன் வைத்த கையுறையைப் பயன்படுத்தினார்கள். துணியைத் தடவினால் ஓர் ஒலி, கட்டையைத் தடவினால் இன்னோர் ஒலி. தோல் சொல்ல முடியாததைக் காது சொல்லட்டும் என்ற எண்ணம். இன்று கிடைக்கும் ரோபோக் கையுறைகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கமே வருவதில்லை. விரிப்பதும் மடக்குவதுமாக நின்றுவிடுகின்றன. பிடித்த பொருள் நழுவுவதை உணராத கைக்கு, விரியத் தெரிந்து மட்டும் என்ன?

மனிதத் தொடுகையின் இடத்தை எந்திரம் பறித்துவிடும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் விரலைப் பிடிக்கும்போது இறுக்கம் எந்த மூட்டில், வலி முகத்தில் எப்போது, நோயாளி இன்று சோர்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் ஒரே கணத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். இதை எந்தச் சென்சாரும் செய்ததில்லை. அதனாலேயே எண்ணிக்கையைக் கருவியிடம் விட்டுவிட்டு, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்ற முடிவை அவரிடம் விட வேண்டும் என்கிறேன். அவருடைய அரைமணி நேரம் விரலை முப்பது முறை விரிப்பதில் கரைந்துபோவது வீண்.

செலவு என்ற தடை உண்மையானது. வெளிநாட்டுக் கை ரோபோக்களைப் பெரிய நகரங்களின் சில மருத்துவமனைகளே வாங்க முடியும். நரம்பு அறுவைக்குப் பின்னரோ பயிற்சி மாதக்கணக்கில் தேவை. தூரத்து ஊரிலிருந்து வாரம் மூன்று முறை வந்துபோக யாரால் முடியும்? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ என்ற கருவி இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. அதில் ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்கி நீட்ட, பக்கவாட்டில் திருப்ப, முன்கையைச் சுழற்ற, கையைத் திறந்து மூட என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்பு, வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம். உதவியை வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கவும் முடியும். பக்கவாதம் முதலிய நரம்பியல் பாதிப்புகளுக்காக வடிவமைக்கப்பட்ட இந்தக் கருவியில், நரம்பு மாற்றத்துக்கு வேண்டிய தசைச் சமிக்ஞைப் பகுதியைச் சேர்ப்பது பொறியியலில் பெரிய மலையில்லை. பெரிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் கருவி இந்த வாரம் எத்தனை சதவீதம் உதவியது, போன மாதம் எத்தனை என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். அந்த எண் தொடர்ந்து இறங்காவிட்டால், பயிற்சியை மாற்றவோ நிறுத்தவோ யாராவது முடிவெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு, நல்ல கையை மடிமேல் அசையாமல் வைத்தபடி, நோயாளி ஒரு டம்ளரை எடுத்து வேறிடத்தில் வைக்கிறாரா, சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. நரம்பு மாற்றம் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இந்தப் பதிவை யார் எழுதுவார் என்பதையும் குறித்துவிடலாம்.